வெங்காயக் கடைத் தகரமும் ஓடைத் தவளையும்

பரவை மார்க்கெட்டுக்கு நான் போவது இப்போதெல்லாம் நடை பழகத்தான். டாக்டர் நடக்கச் சொன்னார். வீட்டில் சின்ன வெங்காயம் வாங்கிவரச் சொன்னார்கள். இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று பசுமலையிலிருந்து பஸ் ஏறிப் போய் அங்கே நடக்கிறேன். நடப்பதற்காக பஸ்ஸில் போகிற ஒரே ஆள் நீங்கள்தான் அப்பா என்று மகள் கேலி செய்கிறாள். செய்யட்டும். ஓய்வு பெற்றவனுக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப ஏதாவது ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது.

போன வாரம் போனபோது முந்தின நாள் பெய்த மழையில் தரையெல்லாம் சகதி. முட்டைக்கோஸ் இலைகள் மிதிபட்டு அழுகிய வாடை. மார்க்கெட்டுக்கு வெளியே சாலையோரம் சாக்கை விரித்துப் போட்டிருக்கும் கடைகளில் கடைசியாக ஒரு வெங்காயக் கடை. நான்கு கம்பு நட்டு மேலே ஒரு தகரத்தைக் கட்டியிருந்தார்கள். தகரத்தின் அடிப்பக்கத்தில் இருந்து கொழுத்த பச்சைத் தவளை ஒன்று தலைகீழாக என்னைப் பார்த்தது. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் பாதி துருப்பிடித்து ‘காப்போம்’ என்ற சொல்.

அந்தத் தகரத்தை நான் கடைசியாகப் பார்த்தது ஒரு மலை ஓடைக்கரையில். இது எப்படி இங்கே வந்தது என்று நிற்கும்போதே மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தலை முழுக்க நரை, தடித்த கண்ணாடி. தங்கப்பாண்டி. பல வருடங்களுக்கு முன்னால் என்னோடு வேலை பார்த்த ஜெயபால் சாரின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் தள்ளி நின்றவரைப் பார்த்ததுதான். அன்றைக்கும் பேசவில்லை.

“வாங்கண்ணே” என்றார். சௌக்கியமா என்று கேட்கவில்லை. பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை. “அது திரும்பி வந்துச்சாண்ணே?” என்றுதான் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஓர் அம்மா வந்து வெங்காயத்தைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். பொறுக்கக் கூடாது, அள்ளித்தான் போடுவேன் என்று இவர் அவரோடு மல்லுக்கட்டப் போய்விட்டார். எனக்கும் யோசிக்க அவகாசம் கிடைத்தது. அந்த இடைவெளியில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

‘அது’ என்பது ஒரு தவளை. சிரிக்காதீர்கள். என் உத்தியோகமே தவளையில்தான் தொடங்கியது. பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். சமயநல்லூர்ப் பக்கத்து வயல்களிலிருந்து ஈரச் சாக்கில் தவளை வந்து இறங்கும். கை நிறையும் பெரிய பச்சைத் தவளைகள். மெழுகுத் தட்டில் மல்லாத்திக் குண்டூசி குத்தி, இதோ இதயம், இதோ நரம்பு என்று பையன்களுக்குக் காட்டுவது என் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் ஃபார்மலின் வாடை கையை விட்டுப் போகாது. என் அம்மா என்னை மோர்ப் பானைப் பக்கம் அண்ட விடமாட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூடக் காபி டம்ளரை வாங்கும்போது கையை ஒளித்துக்கொண்டே வாங்கினேன். தெருவில் எனக்குப் பெயர் தவளை வாத்தியார்.

இப்போது கல்லூரிகளில் தவளை அறுப்பதில்லை, திரையிலேயே காட்டிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு ஒரு சாக்குத் தவளை ஒரு பொருட்டே இல்லை. கண்மாய் பெருகினால் தவளையும் பெருகும், வெட்ட வெட்ட முளைக்கும் என்று இருந்தோம். அந்த நினைப்பைக் கலைத்தவர் ஜெயபால் சார்.

அவர் என் துறையில் மூத்தவர். ஒல்லியான உடம்பு, எப்போதும் வெள்ளைச் சட்டை, சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று கட்டைக் குரலில் பாடுவார். மற்ற நாட்களில் அந்தக் குரல் அதிகம் வெளியே வராது. ஒருமுறை ஆசிரியர்கள் எல்லாரும் ஒரு மலைக்குச் சுற்றுலா போனோம். மலையின் பெயரை எழுத மாட்டேன். பெயரைச் சொன்னால் கூட்டம் வந்துவிடும் என்பது சார் எங்களுக்குப் போட்ட கட்டளை. இப்போது அங்கே காப்பதற்கு ஒன்றும் இல்லை என்றாலும் பழக்க தோஷம்.

நாங்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சார் மட்டும் ஓடை நடுவே ஒரு பாறையையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கையால் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தேன். ஈரப் பாறைதான் தெரிந்தது. பொறுங்க என்று சைகை காட்டினார். கொஞ்ச நேரத்தில் பாறையில் ஒரு துண்டு அசைந்தது. கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு தவளை, நனைந்த கல்லின் நிறத்தில். அது தன் பின்னங்காலை மெதுவாகப் பக்கவாட்டில் நீட்டியது. விரல்களுக்கு இடையில் இருந்த சவ்வு வெள்ளை வெளேரென்று விரிந்தது. பிறகு மடக்கிக்கொண்டது. எதிர்ப் பாறையிலிருந்து இன்னொன்று அதேபோல் காலை நீட்டியது.

ஓடை இரைச்சலில் கத்தினால் கேட்காது, அதனால் காலைக் காட்டுகிறது என்று சார் என் காதருகே வந்து கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தனை காலமாக மல்லாத்திப் போட்ட தவளைக் காலை மட்டுமே பார்த்தவன் நான். ஒரு தவளை தன் காலைத் தானே தூக்கி எதையோ சொல்வதைப் பார்த்தபோது எனக்கு ரொம்பக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் சனிக்கிழமைகள் அந்த ஓடைக்குப் போய்விட்டன. இந்தத் தவளை அந்த மலையில் அந்த ஓடையின் ஒரு வளைவில்தான் இருக்கிறது என்பது சாருக்கு மெல்ல மெல்லத் தெரிந்தது. ஓடைக்கு மேலே தோட்டக்காரர்கள் கறுப்பு ஹோஸ் பைப் போட்டுத் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே குளிக்க வருகிறவர்கள் ஷாம்பு பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள் செய்த வனவிலங்குப் பாதுகாப்பு எல்லாம் பாக்கெட் பொறுக்குவதும் தோட்டக்காரர்களிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதும்தான். கொஞ்சம் மழை விழுகிற வரைக்கும் பைப்பை எடுத்துவிடுங்களேன் என்று கேட்டால், தவளைக்கா என்று திருப்பிக் கேட்பார்கள்.

மேலே போய்வர வசதி செய்தவர் தங்கப்பாண்டி. சமயநல்லூர்க்காரர். விவசாயக் குடும்பம், ஒரு வேன் வைத்து மலைக் காய்கறியைப் பரவை மார்க்கெட்டுக்கு இறக்கிக்கொண்டிருந்தார். காலையில் வெறும் வண்டியாக ஏறும்போது எங்களையும் ஏற்றிக்கொள்வார். முதல் நாள் நாங்கள் எதற்குப் போகிறோம் என்று தெரிந்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். “எங்க வயக்காட்டுல மம்பட்டில வெட்டுப்பட்டுச் சாகுறதெல்லாம் தவளைதாண்ணே. இதுக்கா இம்புட்டு தூரம்?”

சார் அவரை ஓடைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். அரை நாள் உட்கார்ந்தார். தவளை காலைத் தூக்கியது. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார். அதன்பிறகு சனிக்கிழமை காலையில் எங்களுக்கு முன்னால் அவர் தயாராக நிற்பார். லோடு ஏற்ற நேரமாகிவிட்டது என்று எங்களைக் கூப்பிட வேண்டுமானால், இரைச்சலில் கத்தாமல், எதிர்ப் பாறையில் ஏறி நின்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டுவார். முதல் தடவை அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் சார் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அதுவே எங்கள் மூவருக்கும் பாஷையாகிவிட்டது. கிளம்பலாமா என்றால் கால். வந்துவிட்டேன் என்றால் கால். கல்லூரி வராந்தாவில்கூட சார் ஒருநாள் யாரும் பார்க்காதபோது எனக்குக் காலைக் காட்டியிருக்கிறார்.

அந்தத் தகரம் அப்போது வைத்ததுதான். சார் எங்கெங்கோ எழுதிப் போட்டு, அனுமதி வாங்கி, ஒரு போர்டு வைக்கலாம் என்று ஆனது. சமயநல்லூரில் சுவர் விளம்பரம் எழுதுகிற ஒருவரிடம் தங்கப்பாண்டிதான் கொடுத்தார். தவளை ஒன்று போடுங்க என்று சொல்லியிருக்கிறார். எழுதுகிறவர் தனக்குத் தெரிந்த தவளையைப் போட்டார். தாமரை இலைமேல் உட்கார்ந்திருக்கும் கொழுத்த கண்மாய்த் தவளை. மலை ஓடையில் தாமரைக்கு எங்கே போவது? தங்கப்பாண்டி பதறிப்போனார். சார்தான், இருக்கட்டும், பார்க்கிறவர்கள் இதைத் தேடிக்கொண்டு போவார்கள், நம்முடையது தப்பித்துக்கொள்ளும் என்று சமாதானம் சொன்னார். அப்படியே நட்டுவிட்டோம்.

தங்கப்பாண்டிக்கு ஓடையில் ஒரே ஒரு குறை இருந்தது. தண்ணீர் நிற்காமல் போகிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் போகிற தண்ணீரைப் பார்த்தால் வயிறு எரியும். கண்மாய் நிரம்பினால் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி சட்டை மாற்றிக்கொண்டு போய்ப் பார்க்கிறவர்கள் நாங்கள். கரை உடைந்து தண்ணீர் வீணாய்ப் போனது என்றால் அதைச் செத்தவர் வீட்டுச் செய்தி போலத்தான் சொல்வோம். இம்புட்டு தண்ணி சும்மா போகுதே என்று அவர் வாரா வாரம் அங்கலாய்ப்பார். நாங்களும் ஆமாம் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம்.

ஒரு சித்திரையில் ஓடை நூலாகிவிட்டது. மழை இல்லை. இருந்ததையும் பைப் குடித்துவிட்டது. சாரும் நானும் பரீட்சைப் பேப்பர் திருத்தும் முகாமில் மாட்டிக்கொண்டோம். மேலே போகவே முடியவில்லை. தங்கப்பாண்டி மட்டும் லோடுக்குப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, பாறை காயுது சார் என்று முகாம் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார். சார் திருத்திக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று மதுரைக்காரன் எவனும் வேறு வேலைக்குப் போகமாட்டான். தங்கப்பாண்டி அன்று தன் மைத்துனர்களைக் கூட்டிக்கொண்டு மலை ஏறியிருக்கிறார். மண்வெட்டி, சாக்கு, கடப்பாரை எல்லாம் வண்டியில். ஓடையின் அந்த வளைவுக்குக் கீழே கல் அடுக்கி, மண் மூட்டை வைத்து, களிமண் பூசி ஒரு கரை போட்டார்கள். சும்மா இல்லை. கண்மாய்க்கு இருப்பதுபோல மிஞ்சிய தண்ணீர் வழிய ஒரு குட்டிக் கலுங்கும் வைத்து.

முகாம் முடிந்து, கோடை மழையும் ஒன்றிரண்டு விழுந்த பிறகு மூவரும் போனோம். வழியெல்லாம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்குக் காட்டி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று வைத்திருந்தார். பாதை திரும்பியதும் முதலில் ஒரு சத்தம் கேட்டது. கிராக் கிராக் என்று கூட்டமாகத் தவளைக் கத்தல். வளைவில் இருந்த பாறைகளைக் காணோம். ஒரு குட்டை பளபளவென்று நின்றது. கலுங்கில் மெல்லிசாகத் தண்ணீர் வழிந்தது.

“கேளுங்க சார், எம்புட்டு சத்தம்னு. பெருகிப்போச்சு” என்றார் தங்கப்பாண்டி. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. சாருக்கு அந்தச் சத்தம் கேட்டபோதே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தவளைக்கு அப்படிக் கத்தத் தெரியாது. கத்துகிறவை எல்லாம் நின்ற தண்ணீரைத் தேடி எங்கிருந்தோ வந்து சேர்ந்த வேறு தவளைகள். ஓடை இரைச்சல் நின்றுபோனதால்தான் அவை கத்துவது எங்களுக்குக் கேட்கிறது. சார் குட்டையைச் சுற்றி வந்தார். குனிந்து முழங்கை வரை தண்ணீரில் விட்டுத் துழாவினார். கை நிறைய வண்டல் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “கட்டு நல்லா இருக்கு தங்கப்பாண்டி” என்றார். கையைக் கழுவிக்கொண்டார்.

மறைக்கிற சுபாவம் அவருக்குக் கிடையாது. இறங்கும்போது வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கேதான் சொன்னார். அது ஓடுகிற தண்ணீரில் மட்டும்தான் இருக்கும், ஓடைக்கடியில் சரளைக்குள் முட்டையிடும், வண்டல் படிந்தால் முட்டைக்கு மூச்சு முட்டிப்போகும் என்று வகுப்பில் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். தங்கப்பாண்டி டீ டம்ளரை மேசையில் வைத்தார்.

“அப்ப நான் கொன்னுட்டேனா சார்?”

“பைப்பு போட்டு உறிஞ்சினவன் கொன்னான். நீங்க காப்பாத்தத்தான் பார்த்தீங்க.”

“அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான சார்” என்றார் தங்கப்பாண்டி.

மறுநாள் லோடுக்குப் போகாமல் தனியாகப் போய் அவரே கரையைப் பிரித்துப் போட்டிருக்கிறார். கல் ஒன்றுகூடக் கிடந்த இடத்தில் மிச்சம் வைக்கவில்லை. தண்ணீர் மறுபடி ஓடியது. ஆனால் அந்த மழைக்காலத்தில் பாறையில் ஒன்றும் அசையவில்லை. அடுத்த மழைக்காலத்திலும் இல்லை. சாரும் நானும் போய்ப் போய் உட்கார்ந்தோம். பஸ்ஸில் போனோம், ஏனென்றால் தங்கப்பாண்டி வேனை விற்றுவிட்டார். சனிக்கிழமைகளில் எங்கள் கண்ணில் படாமல் ஒதுங்கினார். நாங்களும் தேடிப் போய் அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டோம். சாருக்கு மூச்சிரைப்பு வந்தது. அப்புறம் மலைக்குப் போவது நின்றது. கடைசியில் படுக்கையில் இருந்தபோதும், தங்கப்பாண்டி மேல வருத்தம் இல்லைன்னு யாராவது சொல்லணும் என்பார். நான் இரண்டு தடவை சமயநல்லூருக்குப் போனேன், ஆள் வீட்டில் இல்லை என்றார்கள்.

சரி, வெங்காயத்துக்கு வருவோம். அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். தங்கப்பாண்டி என் முகத்தையே பார்த்தார்.

சார் போன பிறகு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை, போக மனசு வரவில்லை என்றேன். அவர் உங்கள்மேல் வருத்தமில்லை என்று கடைசிவரை சொன்னார் என்பதையும் சொன்னேன். அதை இத்தனை வருடம் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, “நான் போனேண்ணே. வருஷா வருஷம் மழை விழுந்ததும் போயிருவேன்” என்றார்.

வெட்கத்தில் ஒதுங்கிவிட்டார் என்றல்லவா நாங்கள் நினைத்திருந்தோம். ஒவ்வொரு ஐப்பசியிலும் பஸ் பிடித்துப் போய், அதே பாறைக்கு எதிரில் பொழுது சாயும் வரை உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். சனிக்கிழமைகளில் நாங்கள் இருப்போம் என்று வேறு நாட்களில். கடைசியாகப் போனபோது மேலே யாரோ விடுதி கட்டியிருந்தார்களாம். வளைவில் சிமென்ட் படி வைத்து, குளிப்பதற்குக் குழாயில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். பாறையில் பெயின்ட்டில் அம்புக்குறி போட்டிருக்கிறதாம்.

“எனக்குக் கண்ணு சரியில்லண்ணே. நாலஞ்சு வருஷமா மங்கல்தான். அது அங்கன இருந்து, எனக்குத்தான் தெரியலையோன்னு ஒரு நெனப்பு. அதான் உங்களைக் கேட்டேன்.”

நான் இல்லை என்றேன். வேறு எப்படிச் சொல்வது? இல்லை தங்கப்பாண்டி, இனிமேல் வராது என்றேன். அவர் அதை எதிர்பார்த்தவர் போலத்தான் கேட்டுக்கொண்டார். மேலே தகரத்தைக் காட்டி, அங்கே ஒன்றும் இல்லாதபோது ‘காப்போம்’ என்று எழுதி வைத்திருந்தால் பொய்தானே என்று கழற்றிக் கொண்டுவந்துவிட்டதாகச் சொன்னார். “படத்துல இருக்கிறதும் நம்ம கம்மாத் தவளைதான. அது நம்ம ஊரைப் பார்க்கவே வந்துருச்சு.”

நம் கண்மாயில் இப்போது அதுவும் இருக்கிறதா என்று நான் கேட்டேன். முந்தின நாள் மழைக்குக் கண்மாயில் தண்ணீர் வந்திருக்கிறதாம். ராத்திரி கதவைத் திறந்து வைத்துப் படுத்திருக்கிறார். சுற்றிலும் பிளாட் போட்டுவிட்டார்கள், சாக்கடைத் தண்ணீர்தான் வருகிறது, ஒரு சத்தமும் இல்லை என்றார். ஒரு காலத்தில் சாக்குச் சாக்காக அவற்றை வாங்கிய கையில் நான் வெங்காயப் பையை வாங்கிக்கொண்டேன். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

ரோட்டைக் கடந்து பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். நடுவில் லாரிகள் ஹாரனை அமுக்கிக்கொண்டு போயின. ஆட்டோ ஒன்றில் ஏதோ கடைத் திறப்பு விளம்பரம் அலறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தங்கப்பாண்டி எழுந்து நின்று ஏதோ சொன்னார். கேட்கவில்லை. மறுபடி சொன்னார், கேட்கவில்லை. பிறகு தகரம் கட்டிய கம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வீங்கிய முழங்காலோடு வலது காலை மெல்லப் பக்கவாட்டில் நீட்டினார்.

நானும் பையைக் கீழே வைத்துவிட்டுக் காலைத் தூக்கினேன். பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளிப் போனாள். அந்த ஓடையில் இப்போது அதைச் செய்ய யாரும் இல்லை. பரவை ரோட்டில் இரண்டு கிழவர்கள் இருக்கிறோம்.